பதறி ஓடியவர்

"ஓடுறா பாருங்க! ஊரே இடிஞ்சு விழுந்தாலும் தான் மட்டும் பிழைச்சாப் போதும்னு ஓடுறா!"

பெரிய டீச்சர் இப்படிக் கத்தியது என் மகளைப் பார்த்துத்தான்.

வராண்டாவில் ஜன்னலோரம் இடுப்பில் சின்னவனோடு நின்றிருந்த நான், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன். வேடிக்கை பார்க்க வந்து பக்கத்தில் நின்ற மற்ற அம்மாக்கள் எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

பூகம்பம் வந்தால் என்ன செய்யணும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தர, காலேஜிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்திருந்தார். கழுத்தில் விசில், கையில் அட்டை. விசில் ஊதினால் எல்லாரும் பெஞ்சுக்கு அடியில் பதுங்கணும். மறுபடி ஊதினால் வரிசையாக வெளியே போகணும். நன்றாகச் செய்கிற இரண்டு பேரைக் காலேஜுக்குக் கூட்டிப் போய், பூகம்பம் மாதிரியே ஆடுகிற மேடையில் ஏற்றிக் காட்டுவாராம்.

ஒரு வாரமாக வீட்டில் இதே பேச்சுதான். மகள் தீப்பெட்டியை மாடி மாடியாக அடுக்கிக் கட்டிலை ஆட்டுவாள். கட்டிலில் தூங்குகிற தம்பியும் சேர்ந்து ஆடுவான்.

"அம்மா, அந்த மேடையில நான் ஏறியே ஆகணும்மா."

அப்படிச் சொன்னவள், விசில் ஊதியதும் மற்ற முப்பத்தொன்பது பிள்ளைகளும் பெஞ்சுக்கு அடியில் நுழைய, தான் மட்டும் கதவைப் பார்த்து ஓடினால் எப்படி இருக்கும்?

இன்ஜினியர் அவள் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். "பூகம்பத்துல ஓடவே கூடாதும்மா. உன் பேரு என்ன?"

"கட்டெறும்பு சார்!" என்று வகுப்பே கத்தியது. பட்டப்பெயர். சின்ன உருவம், பிடித்த பிடியை விடமாட்டாள்.

அவர் அட்டையில் 'பதறி ஓடியவர்' என்ற கட்டத்தில் கட்டெறும்பை ஏற்றினார். என் மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சார், அந்தக் கல்லு..."

"என்ன கல்லு? ஓ, அதுவா! வழியில கல்லு கிடந்தா தடுக்கி விழுவோம். அதான் வந்ததுமே தூக்கி வெளிய போட்டுட்டேனே."

"அது இல்ல சார், கதவு..."

"வாயை மூடு!" என்றார் பெரிய டீச்சர். வகுப்பு டீச்சர் அன்று லீவு. அதனால் இவர்தான் மேற்பார்வை. "இனி எப்படி ஓடுறேன்னு நானும் பாக்குறேன்."

விறுவிறுவென்று போய், பாதி சாய்ந்து நின்ற கதவை இழுத்து அறைந்து சாத்தினார்.

"ஐயோ! சாத்தாதீங்க டீச்சர்!"

"பாத்தீங்களா சார், பயத்தை?"

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. வீட்டுக்கு வரட்டும், இருக்கிறது இவளுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

விசில். இந்தத் தடவை நாற்பது பேரும் பெஞ்சுக்கு அடியில். "சபாஷ்!" என்றார் இன்ஜினியர். மறுபடி விசில். பிள்ளைகள் வரிசையாகக் கதவுக்குப் போனார்கள்.

நின்றார்கள்.

"ம், திறங்க."

"திறக்காது சார்."

"ஏன், சாவி எங்க?"

"சாவி எதுக்கு சார், உள்பக்கம் கைப்பிடியே இல்ல. எப்பவோ கழண்டு விழுந்துடுச்சு. சாத்தினா வெளியேயிருந்துதான் திறக்கணும். அதான் கல்லு வெச்சிருந்தோம்."

இன்ஜினியர் கதவைத் தள்ளினார். நகத்தால் நெம்பினார். பேனாவைச் செருகினார். பேனா உடைந்தது. பேய் மழை பெய்த மாதிரி வியர்வை. ஜன்னலிலோ கம்பி.

"கதவு ரிப்பேருக்கு எழுதிப் போட்டிருக்கோம்..." என்று ஆரம்பித்த பெரிய டீச்சருக்குத் திடீரென்று நெஞ்சு படபடத்துவிட்டது. "எனக்கு மூச்சு முட்டுது! யாராவது திறங்களேன்!"

நான்தான் ஓடிப் போய் வெளியேயிருந்து திறந்தேன். என்னை இடித்துக்கொண்டு யாரோ பாய்ந்ததில் சின்னவன் வீறிட்டான்.

பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். மறுபடி சாத்திக்கொள்ளப் பார்த்த கதவை என் மகள் முதுகால் முட்டுக்கொடுத்து நின்றாள். எல்லாரும் போகும்வரை நகரவில்லை. கடைசியாக வந்த இன்ஜினியர் அவளையே பார்த்தார்.

"ஏம்மா, அப்ப ஓடினியே, இப்ப கதவு திறந்திருக்கு. ஏன் முதல்ல போகல?"

"நான் போயிட்டா கதவை யாரு சார் பிடிக்கிறது? கல்லு தொலைஞ்ச அன்னிக்கெல்லாம் நான்தான் பிடிப்பேன். அப்பவும் அதுக்குத்தான் ஓடினேன்."

என்னால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சின்னவனின் மூக்கைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

இன்ஜினியர் என்னிடம் ஒரு பென்சில் கேட்டு வாங்கினார். சின்னவன் கடித்து வைத்திருந்த பென்சில். அதாலேயே அந்தக் கட்டத்திலிருந்த கட்டெறும்பை அடித்துவிட்டு, காலேஜுக்கு வருபவர்கள் பட்டியலில் முதலில் எழுதினார்.

அப்புறம் தலையைச் சொறிந்தபடி பிள்ளைகளிடம் கேட்டார்:

"அப்ப, 'பதறி ஓடியவர்'ங்கிற கட்டத்துல இப்ப யாரு பேரைத்தான் எழுதுறது?"

நாற்பது விரல்களும் ஒன்றாக நீண்டன, மைதானத்து மரத்தடியில் கைப்பையால் விசிறிக்கொண்டிருந்த பெரிய டீச்சரை நோக்கி.