கட்டின பல்

"டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்குதா? ராத்திரி கழட்டித் தண்ணியில போடணும். முறுக்கு, நூலு எதையும் கடிக்கக் கூடாது. கட்டின பல்லுனு நாளைக்குப் பொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்சா கல்யாணம் நின்னுடும்," என்றாள் செல்லியம்மாள் மகனிடம்.

மறுநாள் திருப்புட்குழியில், பெண் பார்க்க வந்த அவள் மகன் காசிநாதன் உதடு பிரியாமல் சிரித்தான். பெண் தேவகியும் அப்படியே சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

"தறியில ஒரு இழை அறுந்து கிடக்குது. சேருங்க தம்பி, கைவேலையைப் பார்க்கலாம்," என்றார் பெண்ணின் அப்பா.

காசிநாதன் நொடியில் முடிச்சுப் போட்டான். மிச்ச நூலை எல்லாரையும் போலப் பல்லால் கடிக்காமல், "கத்தரி இருக்குதா மாமா?" என்றான்.

அவர் அவன் வாயையே பார்த்தார். "கட்டின பல்லா தம்பி?"

செல்லியம்மாள் முந்திக்கொண்டு மறுக்கப் பார்த்தாள். அதற்குள் அவன் ஆமென்று தலையாட்டினான்.

"அப்பாடா!" என்றவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "தேவகி, உன் கத்தரியைக் கொண்டாம்மா. இனிமே நீயும் நல்லா வாயைத் திறந்து சிரி!"