மடங்காத கால்

"யப்பா, வண்டியக் கொஞ்சம் ஓரங்கட்டு."

சொக்கநாதன் சொன்ன தினுசில் பேயாண்டி பதறிப்போய் பிரேக்கை மிதித்தான். அவன் மேலூர் கல்குவாரி முதலாளியின் டிரைவர். இப்போது ஓட்டிவரும் சொக்கநாதனின் ஜீப்பை அவன் முதலாளி வாங்கப் போகிறார். ஆர்.சி. புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வர சொக்கநாதனும் கூடவே கிளம்பியிருந்தார்.

மிலிட்டரி ஏலத்தில் எடுத்த ஜீப். சிம்மக்கல் வெல்ல மண்டியைக்கூடத் தம்பியிடம் விட்டுவிட்டுப் போவார், ஜீப் சாவியை ஒருத்தனிடமும் கொடுக்க மாட்டார்.

தை மாசம் ஸ்கூட்டரில் போகும்போது லாரி தட்டிவிட்டது. இடது முட்டியில் பிளேட்டு வைத்தார்கள். கால் தப்பித்தது, மடங்கத்தான் இல்லை. மடங்காத காலை வைத்துக்கொண்டு கிளட்ச்சை எப்படி மிதிப்பது? முயற்சி பண்ணிப் பார்த்தார். வலி உயிர் போனது. வித்துத் தொலைப்போம் என்று முடிவு பண்ணிய அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ரோட்டுக்குக் கீழே வறண்ட கண்மாய். அதற்குள் மூன்று ஜீப்புகள். யாருடையது என்று கேட்கவா வேண்டும்? அவருடைய கூட்டாளிகள்தான்.

ஞாயிற்றுக்கிழமையானால் நாலு பேரும் ஒன்றாகக் கிளம்புவார்கள். கண்மாய், ஆற்று மணல், மலையடிவாரம் என்று ரோடே இல்லாத இடமாகப் பார்த்து ஓட்டுவார்கள். ஒருத்தன் சேற்றில் மாட்டினால், கயிறு கட்டி அவனை வெளியே இழுத்துப் போட்ட பிறகுதான் மற்றவர்களுக்கு டீ.

ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மாறி மாறிக் காவல் இருந்ததும் இவர்கள்தான். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு பயலைக் காணோம்.

"கால் நல்லா இருக்குறவரைக்கும்தான் மாப்ள, மச்சான் எல்லாம்" என்று மனைவி பட்டு சொன்னபோது, சொக்கநாதன் அவளைத்தான் அதட்டினார்.

இப்போது உற்றுப் பார்த்தார்.

முதல் ஜீப்பிலிருந்து நைனா முகமது இறங்கினான். சிம்மக்கல்லில் டயர் கடை வைத்திருப்பவன். அவனுடைய இடது காலில் தொடையிலிருந்து கணுக்கால் வரை மூங்கில் தப்பை வைத்துக் கயிற்றால் கட்டியிருந்தது. காலை மடக்காமல், அரை வட்டமாக வீசி வீசி நடந்தான். அப்படியே சொக்கநாதனின் நடை!

அடுத்த ஜீப்புக்குப் பக்கத்தில் காலேஜ் வாத்தியார் பஞ்சாபகேசன். அவர் காலிலும் தப்பை. ஏறப் பார்த்துத் தடுமாறி, பொத்தென்று மண்ணில் விழுந்தார்.

மூன்றாவது ஜீப்பில் தப்பை கட்டிய காலை நீட்டி உட்கார்ந்திருந்த கண்ணுச்சாமி கை தட்டிச் சிரித்தான். "சொக்கன் இப்படியா சார் ஏறுவான்? மறுபடியும் ஏறுங்க!"

சொக்கநாதனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கைத்தடியை ஊன்றிக் கரையில் இறங்கினார். பின்னாலேயே பேயாண்டி ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்தான்.

"நல்லா இருக்குடா! ரொம்ப நல்லா இருக்கு!"

மூன்று பேரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.

"சொக்கா, நீ எப்படிடா இங்கே?" என்றார் பஞ்சாபகேசன், மண்ணிலிருந்து எழுந்திருக்காமலே.

"ஏன், நொண்டி வந்தா உங்க ஆட்டம் கெட்டுப்போகுமோ? வீட்டுப் பக்கம் எட்டிப் பாக்க நேரமில்ல. வேஷங்கட்டி ஆட மட்டும் எம்புட்டு நேரமிருக்கு உங்களுக்கு!"

"மாப்ள, நான் சொல்றதக் கேளு..." நைனா கிட்டே வந்தான்.

"இனிமே மாப்ளன்னு கூப்பிட்டே, நடக்குறதே வேற!"

ஓங்கிய கைத்தடி நைனாவின் தோளில் விழுந்தது. நைனா தடுக்கவில்லை. தோளைத் தடவிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"விடுங்கண்ணே, இவுங்கள்லாம் ஒரு மனுசங்களா?" என்றான் பேயாண்டி.

நைனா தன் காலில் இருந்த கயிற்றை அவிழ்த்தான். தப்பை விலகியது. முட்டிக்குக் கீழே தோல் உரிந்து கிடந்தது. பழைய புண் காய்ந்து, அதன் மேலேயே புதுப்புண் கசிந்துகொண்டிருந்தது. ஒரு நாள் கூத்தில் வருகிற புண் இல்லை அது.

சொக்கநாதனின் குரல் இறங்கியது. "என்னடா இது?"

நைனா எழுந்து, தன் ஜீப்பின் சீட்டிலிருந்து ஒரு பலகையையும் தலையணையையும் எடுத்தான். நேராக சொக்கநாதனின் ஜீப்புக்குப் போனான்.

"கொஞ்சம் இறங்குப்பா" என்று பேயாண்டியிடம் சொல்லிவிட்டு, டிரைவர் சீட்டில் பலகையைப் போட்டான். முதுகுப் பக்கம் தலையணையைச் சொருகி, கையால் குத்திச் சரிசெய்தான்.

"உன்னைப் பார்த்தா உளறிடுவோம்னுதான்டா உங்க வீட்டுப் பக்கமே வரலை" என்றார் பஞ்சாபகேசன். "முடியாமப் போச்சுன்னா, நீ ரெண்டாந் தடவையும் உடைஞ்சு போயிடுவியே."

"எது முடியாமப் போச்சுன்னா?" சொக்கநாதன் ஜீப்பை நோக்கி ஒரு எட்டு வைத்தார்.

நைனா திரும்பினான். கண் கலங்கியிருந்தது.

"சீட்ட நாலு விரக்கடை ஒசத்தி, முதுகுக்கு அண்டக் குடுத்து உக்காந்தா, முட்டிய மடக்காமலே இடுப்பால கிளட்ச்ச மிதிக்கலாம் மாப்ள. எங்க மூணு பேரு காலுக்கும் சரியா வந்துருச்சு. ஏறி உக்காரு."