டீச்சருக்குப் பிரஷர்

"டீச்சருக்குப் பிரஷர்தான் பிரச்சினை. நாமதான் பார்த்து நடந்துக்கணும்."

மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்த டீச்சரின் கால் அந்தரத்தில் நின்றது. கீழ்வீட்டுத் தையல்காரம்மா தன் கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கா பிரஷர்? போன வாரம்தான் டாக்டர் நார்மல் என்று சொன்னார்! இப்போது அளந்திருந்தால் கருவியே வெடித்திருக்கும்.

ஏற்கெனவே ஒரு கடுப்பு. மாடிக் குழாயில் நூல் மாதிரித் தண்ணீர். கீழ்வீட்டிலோ எந்நேரமும் 'உஸ்ஸ்ஸ்' என்று தண்ணீர் பாயும் இரைச்சல். பிசிக்ஸ் டீச்சருக்கு இது புரியாதா?

ஹவுஸ் ஓனரை போனில் பிடித்தார். "ஒண்ணு அவங்க காலி பண்ணட்டும். இல்ல, நான் பண்றேன்."

ஞாயிற்றுக்கிழமை ஓனர் பிளம்பரோடு வந்துவிட்டார். தையல்காரம்மா கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக நின்றார்.

"புள்ளைங்க ஸ்கூல் இங்கதான் சார் பக்கம்..."

பிளம்பர் கீழ்வீட்டுக் குழாயைத் திறந்தார். உஸ்ஸ்ஸ்!

"கேளுங்க! என்ன வேகம்! பிரஷர் பூரா இங்கதான் போகுது" என்றார் டீச்சர்.

பிளம்பர் குனிந்து பார்த்துச் சிரித்தார். "வேகம்தாங்க, பிரஷர் இல்ல. வால்வை முக்காவாசி மூடி வச்சிருக்காங்க. சின்னச் சந்துல நுழையற தண்ணி வேகமாத்தான் ஓடும், கத்தும். பிரஷர் அங்க இறங்கிடும். இதெல்லாம் புக்குல போட மாட்டாங்க டீச்சர்."

போட்டிருந்தார்கள். பக்கம் நூற்றுப் பன்னிரண்டு. வருஷா வருஷம் படம் வரைந்து நடத்துகிறவரே டீச்சர்தான்.

"ஏம்மா மூடினீங்க?" என்றார் ஓனர்.

"முழுசாத் திறந்தா மேல சொட்டுக்கூட வராது சார். டீச்சருக்கு ஏற்கெனவே பிரஷர் கம்மி. காலையில ஸ்கூலுக்கு ஓடுறவங்க. எங்களுக்கு ஒரு பக்கெட் நிரம்ப அரை மணி ஆகும்... ஆகட்டுமே, நான் வீட்டுல இருக்கிறவதானே?"

"பார்த்துடலாம்" என்று பிளம்பர் வால்வை முழுசாகத் திறந்தார். இரைச்சல் அடங்கியது. பக்கெட் மளமளவென்று நிரம்பியது.

மாடியிலிருந்து டீச்சரின் மகள் அலறினாள். "அம்மா! தண்ணி நின்னுடுச்சு! தலை பூரா சோப்பு!"

தையல்காரம்மா பதறிப்போய் வால்வை மூட ஓடினார்.

டீச்சர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். மேலே பார்த்து, "பத்து நிமிஷம் பொறுடி!" என்று குரல் கொடுத்தார்.

பிறகு நிரம்பிய பக்கெட்டை நகர்த்திவிட்டு, தையல்காரம்மாவின் அடுத்த பக்கெட்டை எடுத்துக் குழாயடியில் வைத்தார்.