கழன்ற பெல்ட்

“பெல்ட் கழண்டுக்கிச்சுணா. மாட்றதுக்குக் கொஞ்ச நேரம் ஆவும், உக்காருங்க” என்றார் மாவு மில் ஆதிகேசவன், கை கிரீஸைத் துடைத்தபடி.

யேசுதாஸ் முகம் சுளிக்கவில்லை. டப்பாவை மெஷின் பக்கம் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். ரிட்டயரான பஸ் கண்டக்டர், செவிலிமேட்டில் தனி ஆள்.

பெல்ட் தானாகக் கழலவில்லை. தெருமுனையில் யேசுதாஸின் சைக்கிளைப் பார்த்ததுமே ஆதிகேசவன்தான் கழற்றிவிட்டார். மெஷின் ஓடினால் ஐந்து நிமிடத்தில் மாவை வாங்கிக்கொண்டு மனுஷன் கிளம்பிவிடுவார். அப்புறம் பேச ஆள் ஏது? மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், மகன் புனேயில். பாக்கெட் மாவு வந்த பிறகு மில் பக்கம் ஈ, காக்கை இல்லை.

“அந்தத் தார்ப்பாய்க்கு அடியில இருக்குதே, அதான் ஜின்னிங் மெஷினு. பருத்தியில கொட்டை பிரிக்கிறது. ஊரே பட்டு பட்டுன்னு அலையறப்ப எங்க தாத்தாவுக்கு மட்டும் பருத்தி மேல பைத்தியம். சீசன்ல மாட்டுவண்டிங்க பாலாறு வரைக்கும் நின்னுக்கினு இருக்குமாம்.”

“அப்புறம்?” என்றார் யேசுதாஸ், முதல்முறை கேட்பவர் போல.

“அப்பா காலத்துல பருத்தி வரத்து நின்னுபோச்சு. பொழைக்கணுமே, மாவு மெஷின் போட்டாரு. இப்ப பையன், எல்லாத்தையும் பழைய இரும்புக்குப் போட்டுட்டு இங்க வந்துடுன்றான்.”

“நீ என்னா சொன்ன?” யேசுதாஸின் குரல் ஏனோ பதறியது.

“அரைக்கறதுக்கு ஒரு ஆளு வந்துக்கினு இருந்தாலும் மூட மாட்டேன்னுட்டேன்.”

சொல்லும்போதே ஆதிகேசவனுக்கு வெட்கமாக இருந்தது. அந்த ஒரு ஆளைத்தானே பொய் சொல்லி உட்கார வைத்திருக்கிறார்! பாவம், இவர் போய்ச் சமைத்தால்தானே சாப்பிட முடியும். சட்டென்று எழுந்து பெல்ட்டை மாட்டினார்.

“ரெடியாயிடுச்சுணா. கோதுமையக் குடுங்க.”

யேசுதாஸ் டப்பாவை இறுக்கிக்கொண்டார். “இன்னும் கொஞ்ச நேரம் ஆவட்டுமேபா. அந்த மாட்டுவண்டிக் கதைய மறுபடி சொல்லு.”

“அட, குடுங்கணா!”

ஆதிகேசவன் உரிமையோடு டப்பாவைப் பிடுங்கி மூடியைத் திறந்தார். உள்ளே கோதுமை இல்லை.

யேசுதாஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

“போன வாரம் நீ அரைச்சுக் குடுத்த மாவுதான்பா.”