சுவரில் ஏறிய பச்சை

"ஏங்க, இந்தச் சுவரு என்ன, பாசி பிடிச்ச கெணறு மாதிரி இருக்கு?"

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த விஜயசங்கர் திரும்பிப் பார்த்தான். ஏழு மாத வயிற்றோடு, கையில் மாங்காய்க் கீற்றுடன் ஸ்ரீமதி நின்றிருந்தாள். முந்தாநாள் வளைகாப்புக்குப் போட்ட வளையல்கள் அவள் அசையும்போதெல்லாம் சத்தம் போட்டன.

"எங்கன?"

"ஜன்னல் பக்கத்துல. சும்மா சொன்னேன், உங்க தொழில்ல எனக்கு என்ன தெரியும்?"

"பரவால்ல, இங்கன உக்காரு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான்.

திரையில் இருந்தவை, குற்றாலத்தில் புதிதாகக் கட்டிய காட்டேஜின் அறைகள். சாரல் தொடங்குமுன் படங்களை நெட்டில் ஏற்றியாக வேண்டும் என்று உரிமையாளர் பாண்டியராஜ் ஒற்றைக் காலில் நின்றார். படங்கள் அவருக்குப் பிடித்துவிட்டால் மற்ற இரண்டு காட்டேஜையும் படமெடுக்கும் வேலை இவனுக்கு. இல்லாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்.

ஒவ்வொரு அறையையும் விஜயசங்கர் இரண்டு தடவை எடுத்திருந்தான். ஃபிளாஷ் போட்டு ஒன்று, அறை வெளிச்சத்திலேயே ஒன்று. ஃபிளாஷ் படத்தில் எல்லாம் துலக்கமாக இருக்கும், அறையின் களை போய்விடும். மற்றதில் களை இருக்கும், ஆனால் பல்பின் மஞ்சளும் ஜன்னலுக்கு வெளியே நிற்கும் மரங்களின் பச்சையும் சுவரில் ஏறிவிடும். இரண்டையும் கலந்து, ஏறிய நிறத்தை எடுத்துவிட்டுச் சுவரைச் சுவராகக் காட்ட வேண்டும்.

அந்த வேலைக்கு உட்கார்ந்தால் மட்டும் பெண்டாட்டி பக்கத்தில் இருந்தாக வேண்டும் அவனுக்கு. கல்யாணமான நாலு வருஷமாக இப்படித்தான். தென்காசியில் சிநேகிதர்கள் எல்லாம் 'பொண்டாட்டிதாசன்' என்று கேலி செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும் என்று இவனும் விட்டுவிட்டான்.

"இப்பம் எப்படி இருக்கு?"

"இப்பம் ரோஸ் பவுடர் அப்புன மாதிரி இருக்கு. கொஞ்சம் கொறைங்க... இன்னும் துளி... ஆங், நில்லுங்க. இதுதான் சந்தனச் சுவரு."

வாசலில் கார் ஹாரன் கேட்டது. அக்காவைப் பிரசவத்துக்கு அழைத்துப் போக, திருவேங்கடத்திலிருந்து தம்பி குத்தாலிங்கம் வந்துவிட்டான்.

"அக்கா, கெளம்பு. நாலரைக்கு ராகுகாலம். அம்மா போன் மேல போன் போடுதா."

"இன்னும் ரெண்டு படந்தாம்லே. காப்பி குடி, வாரேன்."

"அத்தான் படத்தை அத்தான் பாத்துக்கிட மாட்டாங்களா? நீ என்ன போட்டோவுக்கா படிச்சிருக்கே?"

ஸ்ரீமதி சிரித்தாள். விஜயசங்கருக்குச் சிரிப்பு வரவில்லை.

நாலு மணிக்குப் படங்கள் போயின. பத்தே நிமிஷத்தில் பாண்டியராஜ் கூப்பிட்டார். "நேர்ல பாக்குற மாதிரியே இருக்குய்யா! மத்த ரெண்டும் உமக்குத்தான். வெள்ளிக்கிழமை வந்து எடும்."

விஜயசங்கர் போனை வைத்துவிட்டுக் காலண்டரைப் பார்த்தான். வெள்ளிக்கிழமை ஸ்ரீமதி இருக்க மாட்டாள். அவள் திரும்பி வர ஆறு மாதமாவது ஆகும்.

ஸ்ரீமதி காரில் ஏறிக்கொண்டாள். குத்தாலிங்கம் பின்னால் டிக்கியில் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். விஜயசங்கர் கார் ஜன்னலருகே குனிந்தான்.

"அடுத்த ஞாயித்துக்கெழம போகக் கூடாதா?"

"வளைகாப்பு முடிஞ்சும் இங்கனயே இருந்தா ஊரு என்ன சொல்லும்? ஏன், என்ன விஷயம்?"

நாலு வருஷமாக அவளிடம் ஒன்றை மூடி வைத்திருந்தான். ஏமாற்றிக் கட்டிக்கொண்டான் என்று நினைத்துவிடுவாளோ என்ற பயத்திலேயே இத்தனை நாள் ஓட்டிவிட்டான். இனி மூடினாலும் வெள்ளிக்கிழமை எடுக்கும் படம் காட்டிக் கொடுத்துவிடும். அவளே முதலில் தெரிந்துகொள்ளட்டும்.

"ஒங்கிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன், ஸ்ரீமதி. எனக்குச் செவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாது. பொறந்ததுலேருந்தே."

ஸ்ரீமதி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். தம்பி காதில் விழாதபடி மெல்லச் சொன்னாள்.

"படத்தையெல்லாம் போன்ல அனுப்புங்க, அங்கன இருந்தே பாத்துச் சொல்லுதேன். பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு, 'இந்தப் பச்சைச் சேலை ஒனக்கு அம்சமா இருக்கு'ன்னிய. அது நல்ல அரக்குச் செவப்பு. அன்னையிலேருந்து நானும் அதைப் பச்சைச் சேலைன்னுதான் சொல்லிட்டு இருக்கேன்."