இரண்டாவது தட்டு

"எண்பத்தாறு, நானூறு."

தராசைப் படித்துவிட்டு மனைவி அம்சாவை ஏற இறங்கப் பார்த்தார் பாண்டுரங்கன். திண்டிவனத்தில் ஒரு வேர்க்கடலை மண்டியில் இருபத்திரண்டு வருடமாக மூட்டை எடை போடுகிறவர் அவர். ஞாயிற்றுக்கிழமை மண்டி லீவு. அன்றைக்கு மட்டும் மூட்டைக்குப் பதிலாக அம்சா தராசுப் பலகை மேல் ஏறுவாள்.

"ரெண்டு மாசம் முன்ன எண்பத்தஞ்சு. எறங்குதான்னு பாத்தா ஏறிக்கினு போவுது."

"செருப்போட நின்னுட்டேனோ என்னவோ."

"செருப்பு ஒண்ணரை கிலோவா?"

அம்சாவுக்கு வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. எண்பதுக்குக் கீழே வந்தால்தான் ஆபரேஷன் என்று பாண்டிச்சேரி டாக்டர் சொல்லிவிட்டார். இப்படியே விட்டால் இன்னும் ஒரு வருடத்தில் நடமாட்டமே நின்றுவிடுமாம்.

விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்த மகள் சங்கவி போனில் இருந்தாள்.

"எண்ணெய நிறுத்திட்டேன் பாப்பா. டின்ன பீரோவுல வச்சி பூட்டிட்டேன். தாளிப்பு கூட கெடையாது. கொழுப்பே உள்ள போவலன்னா ஒடம்புல எப்பிடி ஏறும்?"

"எண்ணெ இல்லாத சோறுன்னாலும் மூணு தட்டு தின்னா ஏறத்தான்பா செய்யும். மொத்தம் எத்தினி கலோரின்னு பாக்கணும். அம்மா சொல்ற எல்லாத்தையும் போன்ல ஏத்திக்கினுதான் வர்றேன். காலைல கேப்பக் கூழு, மதியம் ஒரு கரண்டி சோறு, ராத்திரி ரெண்டு இட்லி. இதுக்கு மாசம் ரெண்டு கிலோ கொறைஞ்சிருக்கணும்."

"அப்ப உன் கணக்குதான் தப்பு."

"கணக்கு தப்பில்லப்பா. சொல்லாம விட்டது எதுவோ இருக்கு."

அம்சா பலகையிலிருந்து மெல்ல இறங்கினாள்.

புதன்கிழமை மதியம், தலைவலி என்று சொல்லிவிட்டு பாண்டுரங்கன் வழக்கத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்தார். வீடு பூட்டியிருந்தது.

"அக்காவா? இந்நேரத்துக்கு பின்னாடி தெருவுக்கு இல்ல போவாங்க," என்றாள் பக்கத்து வீட்டு அமலா. "தெனமும்தான்."

பின்னாடி தெருவில் அவருக்குத் தெரிந்தது ஒரே வீடு. அண்ணன் மணிமாறன் வீடு. ஒன்பது வருடம் முன்பு அம்மாவின் காரியத்தன்று, மண்டியிலிருந்து தம்பி வருவதற்குள் அண்ணன் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டார். 'இனி உன் வூட்ல கை நனைக்க மாட்டேன்' என்று இவர் சொன்னார். 'உன் வூட்டு சோறு எனக்கும் வேணாம்' என்று அவர் சொன்னார். அதோடு பேச்சு நின்றது. போன வருடம் அண்ணி தனம் இறந்தபோது கூட இவர் வாசலோடு திரும்பிவிட்டார்.

கதவு திறந்திருந்தது. உள்ளே அம்சாவின் தட்டில் சோறு, எண்ணெய் மிதக்கும் கத்தரிக்காய்க் குழம்பு, பொரித்த அப்பளம். எதிரே மணிமாறன்.

"இதுக்குத்தான் நான் பீரோவ பூட்டினனா?" என்றார் பாண்டுரங்கன். படி ஏறவில்லை.

மணிமாறன் நிமிரவில்லை. "அம்சா, வெளிய நிக்கிற ஆளுக்கு என்னா வேணுமாம், கேளு."

"அந்த ஆள்கிட்ட சொல்லு, நான் என் பொண்டாட்டிகிட்ட பேசுறேன்னு."

அம்சா தட்டைத் தள்ளி வைத்தாள்.

"நீங்க எண்ணெய பூட்டுன வாரம்தான் மூத்தாரு மயங்கி விழுந்தாரு. சோறு திங்காம சுகர் மாத்திரைய மட்டும் போட்டுக்கினு கெடந்திருக்காரு. நம்ம வூட்லேந்து சோறு எடுத்தாந்தேன். வேணாம்னு அப்பிடியே திருப்பிட்டாரு. சரின்னு இங்கியே வந்து ஆக்கினேன். 'நீயும் ஒக்காந்து தின்னா இது என் வூட்டு சோறு, நீ திங்கலன்னா அவன் அனுப்பின சோறு'ன்னாரு. அதான் திங்கிறேன். அப்புறம் வூட்ல வந்து உங்களுக்காக ஒரு கரண்டி."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா உட்ருப்பீங்களா?"

அம்சா தன் தட்டைக் கையால் காட்டினாள்.

"உங்க ரெண்டு பேரு ரோஷத்தையும் நான்தான் தெனம் தின்னுகினு இருக்கேன். அதுக்கு எத்தினி கலோரின்னு சங்கவிக்கும் தெரியாது."

மணிமாறனின் கை தட்டிலேயே நின்றது. "எடை கொறைக்கணும்னு எங்கிட்டயும் நீ சொல்லலியேம்மா."

"சொன்னா நீங்க மறுபடி பட்டினி கெடப்பீங்க மாமா. எதிர்ல ஒக்கார ஒரு ஆளு இருந்தா போதும். அது நானாத்தான் இருக்கணும்னு இல்ல."

பாண்டுரங்கன் வாசலோடு மண்டிக்குத் திரும்பிப் போய்விட்டார்.

ஆறு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை.

"எண்பத்திமூணு, இருநூறு."

"பாத்தியாப்பா, எல்லாம் கலோரிதான்," என்றாள் சங்கவி போனில்.

"எண்ணெ டின் இன்னும் பீரோவுலதான் இருக்கு. அதையும் ஏத்திக்கோ உன் போன்ல."

அம்சா பலகையிலிருந்து இறங்கினாள். "இப்ப நீங்க ஏறுங்க."

"எனக்கு எதுக்கு?"

"சொம்மா ஏறுங்க."

அவர் ஏறினார். அம்சா குனிந்து படித்தாள். "எழுபத்தொண்ணு. மூணு கிலோ ஏறிட்டீங்க."

"மதியத்துல சோறு கொஞ்சம் கூடிப்போச்சு."

"பின்னாடி தெருவுல ஆக்கி வச்சிட்டு நான் வந்துட்றேன். அதுக்கப்புறம் நடக்கிறது எனக்குத் தெரியாது. ரெண்டு பேரும் ஏதாவது பேசிக்கிறீங்களா?"

"ஒரு வார்த்த கெடையாது. அவரும் பேசல, நானும் பேசல." பாண்டுரங்கன் பலகையிலிருந்து இறங்கி, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார்.

"ஆனா மண்டியில எவ்ளோ நேரமானாலும், நான் போய் ஒக்கார்ற வரைக்கும் அண்ணன் கை நனைக்கிறதில்ல."