பெற்றோர் வரிசை

இந்தக் காலத்தில் ஐந்து நிமிஷம் பேசுவதற்குக்கூட வரிசையில் நிற்க வைத்துவிடுகிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே வகுப்பறை வாசலில் நின்றார் பெரியவர்.

"உங்க பிள்ளை எப்படிங்கய்யா?" முன்னால் நின்ற அம்மா கேட்டாள்.

"கெட்டிக்காரப் பிள்ளைதான். என்கூட உட்கார்ந்து பேசத்தான் நேரமில்ல. கேட்டா பரீட்சைங்கும்."

"டீச்சர்கிட்ட சொல்லுங்க, கண்டிப்பாங்க."

"கிழிப்பாங்க" என்றார் பெரியவர்.

அந்த அம்மாவின் முறை வந்தது.

"வீட்டுப்பாடம் எங்கடான்னா, 'அடுத்த வாரம் கண்டிப்பா'ன்னு டபாய்க்கிறான் உங்க பையன். அவன் பேச்சை நம்பாதீங்க" என்றார் டீச்சர்.

அடுத்து பெரியவர் போய், குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தார்.

டீச்சர் குனிந்து எழுதிக்கொண்டே, "பையனா, பொண்ணா?" என்றார்.

"பொண்ணுதான்."

குரலைக் கேட்டு டீச்சர் வெடுக்கென்று நிமிர்ந்தார்.

"அப்பா! நீங்க எங்கப்பா இங்க?"

"உன் வீட்டுக்கு வந்தா பேப்பர் திருத்தறே. போன் பண்ணா, அப்புறம் கூப்பிடறேங்கறே. இங்கதான் பெத்தவங்களை உட்கார வெச்சுப் பேசறியாமே? பேசு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவர் சட்டையில் அறுந்து தொங்கிய பொத்தானை மெல்லத் தொட்டாள்.

"அடுத்த வாரம் கண்டிப்பா வர்றேன்பா."

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அந்த அம்மா களுக்கென்று சிரித்துவிட்டாள்.

பெரியவர் மேஜையைப் பிடித்து எழுந்தார். மகளின் தலையை ஒரு தடவை தடவிவிட்டு வெளியே வந்தார்.

"ஏம்மா, அடுத்த மீட்டிங் என்னைக்கு?" என்று அந்த அம்மாவிடம் கேட்டுக்கொண்டே நடந்தார்.